வீபீஎன்: யார் கையில் கொடுத்து அனுப்புகிறீர்கள்?

கேள்வி: வெள்ளவத்தையில் இருக்கிறேன். லண்டனில் உள்ள ஒரு கணக்காளர் நிறுவனத்துக்கு வீட்டிலிருந்தே வேலை செய்கிறேன். 2022 ஏப்ரலில் பேஸ்புக், வட்ஸ்அப் எல்லாவற்றையும் நிறுத்திய அன்று தம்பி என் போனில் ஒரு இலவச வீபீஎன் போட்டுத் தந்தான். அது இன்னும் இருக்கிறது. இப்போது யூடியூப்பைத் திறந்தால் ஏதாவது ஒரு வீபீஎன் விளம்பரம். இரண்டு வருடத்துக்குச் சேர்த்து எடுத்தால் 70 வீதத்துக்கு மேல் கழிவாம். எடுக்கலாமா? எதைப் பார்த்து நம்புவது? பிரச்சினை வந்தால் யாரிடம் கேட்பது? தம்பி இப்போது டுபாயில். வட்ஸ்அப்பில் கதைக்க அவனுக்கும் அதே கணக்கைக் கொடுக்கலாமா?

பதில்:

வணக்கம் சகோதரி,

முதலில் அந்த இலவச வீபீஎன்னை அழியுங்கள். இந்தப் பதிலை வாசித்து முடிக்கும் வரை காத்திருக்கவும் வேண்டாம். அழித்த கையோடு போனின் செட்டிங்ஸில் வீபீஎன் என்ற பகுதியைத் திறந்து, பழைய பெயர் ஏதும் மிச்சம் கிடந்தால் அதையும் நீக்குங்கள்.

தம்பியைக் குறை சொல்லவில்லை. 2022 ஏப்ரல் 3ஆம் திகதி கொழும்பில் எத்தனையோ பேர் செய்த வேலைதான் அது. அன்றைக்கு அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷவே தானும் வீபீஎன் பாவிப்பதாகவும், அது இருக்கும்போது இப்படியான தடைகளில் பயனே இல்லை என்றும் ட்விட்டரில் எழுதினார். 2018 மார்ச்சில் கண்டிக் கலவரத்தின்போதும், 2019இல் உயிர்த்த ஞாயிறு குண்டுவெடிப்புகளுக்குப் பிறகும் இதே கதைதான். தடைகள் நீங்கிவிட்டன, செயலி மட்டும் போனில் தங்கிவிட்டது. மழைக்கு ஒதுங்கிய வீட்டில் அப்படியே குடியிருந்துவிட்டோம்.

வீபீஎன் செய்கிற வேலையை எங்கள் பழைய பழக்கம் ஒன்றை வைத்துச் சொன்னால் விளங்கும். போர்க்காலத்தில் யாழ்ப்பாணத்துக்குத் தபால் ஒழுங்காகப் போகாது. யாராவது ஊருக்குப் போகிறார்கள் என்று கேள்விப்பட்டால் லொட்ஜ் வாசலில் போய் நின்று கடிதத்தைக் கையில் கொடுத்து அனுப்புவோம். தபால் கந்தோர் அந்தக் கடிதத்தைக் காணாது, சரி. கொண்டுபோகிறவர் காண்பார். அவர் யாருடைய ஆள், வழியில் மறித்துக் கேட்டால் என்ன செய்வார் என்று விசாரிக்காமல் யாரும் கொடுத்ததில்லை.

வீபீஎன்னும் அதேதான். உங்கள் போனிலிருந்து இணையத்துக்குப் போகிற எல்லாவற்றையும் மூடிக்கட்டி, தன் சேர்வர் வழியாக அனுப்பும் செயலி அது. அதைப் போட்டால் நீங்கள் எந்தத் தளங்களுக்குப் போகிறீர்கள் என்பதை உங்களுக்கு இணைய இணைப்புத் தரும் டயலொக்கோ எஸ்எல்டியோ காணாது. வீபீஎன் நிறுவனம் காணும். டயலொக்கிடம் உங்கள் அடையாள அட்டை இலக்கம் இருக்கிறது என்பது உண்மைதான். ஆனால் அவர்களுடைய கந்தோர் கொழும்பில் இருக்கிறது, போய்ச் சண்டை பிடிக்கலாம், தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு எழுதலாம். உங்கள் போனில் இருக்கும் அந்த இலவசச் செயலியின் கந்தோர் எங்கே? செயலியின் பக்கத்தில் தேடிப் பாருங்கள். பல நேரம் ஒரு ஜிமெயில் முகவரி மட்டும்தான் இருக்கும்.

இலவசம் என்றால் காசு வேறு வழியில் வருகிறது. 2015இல் ஹோலா என்ற இலவச வீபீஎன் மாட்டிக்கொண்டது. பாவித்தவர்களின் இணைய இணைப்பையே லூமினாட்டி என்ற பெயரில் வேறு ஆட்களுக்கு விற்றுக்கொண்டிருந்தார்கள். பேஸ்புக் 2013இல் வாங்கிய ஒனாவோ, உங்கள் தரவைப் பாதுகாக்கிறோம் என்று சொல்லிக்கொண்டே போனில் எந்தச் செயலியை எவ்வளவு நேரம் பாவிக்கிறீர்கள் என்று பேஸ்புக்குக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. 2019இல் இழுத்து மூடினார்கள். இதற்காக 2023இல் அவுஸ்திரேலிய நீதிமன்றம் ஒன்று 2 கோடி அவுஸ்திரேலிய டொலர் தண்டம் விதித்தது.

இவை இரண்டையும் விட எனக்குப் பயம் தருவது 911 எஸ்5 என்ற விவகாரம். மாஸ்க் வீபீஎன், டியூ வீபீஎன் என்று அப்பாவித்தனமான பெயர்களில் சில இலவசச் செயலிகள். அவற்றைக் கணினியில் போட்டவர்களின் ஐபி முகவரிகளை, அதாவது இணையத்தில் ஒரு இணைப்பை அடையாளம் காட்டும் இலக்கங்களை, மோசடிக்காரர்களுக்கு வாடகைக்கு விட்டார்கள். 2024 மே மாதம் அமெரிக்க நீதித் திணைக்களம் அந்த வலையைப் பிடித்தபோது அதில் ஒரு கோடி 90 லட்சத்துக்கும் மேற்பட்ட ஐபி முகவரிகள் இருந்தன. யாரோ செய்த திருட்டுக்குப் பொலிஸ் வந்து தட்டுவது வெள்ளவத்தையில் உங்கள் கதவை என்று நினைத்துப் பாருங்கள். எல்லா இலவசமும் இப்படி என்று சொல்லவில்லை. சுவிஸ் நாட்டு புரோட்டோன், காசு கட்டுகிறவர்களின் பணத்தில் இலவசச் சேவையையும் நடத்துகிறது. அங்கே காசு எங்கிருந்து வருகிறது என்று தெரிகிறது.

சரி, உங்களுக்கு வீபீஎன் வேண்டுமா? வேலைக்கு வேண்டாம் என்பேன். லண்டன் நிறுவனத்தின் வாடிக்கையாளர் கணக்குகளை நீங்களாக வாங்கிய வீபீஎன் வழியாகக் கொண்டுபோவது அந்த நிறுவனத்துக்கே பிடிக்காது. இன்று சிங்கப்பூர், நாளை நெதர்லாந்து என்று நீங்கள் உள்நுழைவதைக் கண்டால் அவர்களுடைய பாதுகாப்பு முறைமை உங்கள் கணக்கை முடக்கினாலும் முடக்கும். அவர்களிடமே கேளுங்கள். பெரும்பாலான நிறுவனங்கள் தங்கள் ஊழியருக்கென்றே வீபீஎன் வைத்திருக்கும். இல்லையென்றால் அதைக் கேட்டு ஒரு மின்னஞ்சல் எழுதி வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் உதவும்.

விளம்பரத்தில் காட்டும் காப்பிக்கடை வைபைத் திருடனுக்காகவும் வேண்டாம். இப்போது வங்கித் தளம் முதல் மரக்கறி விற்கும் தளம் வரை பெரும்பாலும் எச்டிடிபிஎஸ்தான், கடிதம் உறைக்குள் ஒட்டித்தான் போகிறது. கடைக்காரர் முகவரியைக் காணலாம், பாஸ்வேர்டைக் காண முடியாது. தபால் திணைக்களத்தின் பெயரில் “உங்கள் பார்சல் வந்திருக்கிறது” என்று வரும் பொய் எஸ்எம்எஸ்ஸை அமத்தினால் எந்த வீபீஎன்னும் காப்பாற்றாது. கூகுளில் உள்நுழைந்தபடி தேடினால் கூகுளுக்கு நீங்கள் யாரென்று தெரியும். இலங்கையில் வீபீஎன் பாவிப்பதற்குத் தடை இல்லை. ஆனால் 2024ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நீங்கள் எழுதுவதைப் பற்றியது, எந்த வழியால் அனுப்பினீர்கள் என்பதைப் பற்றியது இல்லை. வீபீஎன் போட்டு எழுதினாலும் எழுதியதற்கு நீங்கள்தான் பொறுப்பு.

மிச்சம் இருப்பது இவ்வளவுதான்: நான் எங்கே போகிறேன் என்று என் இணைய நிறுவனம் குறித்து வைப்பது பிடிக்கவில்லை, இன்னொரு தடை வந்தால் தயாராக இருக்க வேண்டும், பயணத்தில் ஹோட்டல் வைபையை நம்ப மனமில்லை. இவை நியாயமான காரணங்கள். இவற்றில் ஒன்று உங்களுடையது என்றால் தொடர்ந்து வாசியுங்கள்.

“நாங்கள் எந்தப் பதிவும் வைப்பதில்லை”, அதாவது நீங்கள் எங்கே போனீர்கள் என்று குறித்து வைப்பதில்லை என்று, எல்லா நிறுவனமும் முகப்பில் எழுதியிருக்கும். யூஎஃப்ஓ வீபீஎன்னும் எழுதியிருந்தது. 2020 ஜூலையில் அவர்களுடைய சேர்வர் ஒன்று பூட்டுப் போடாமல் கிடந்ததை ஆய்வாளர்கள் கண்டார்கள். உள்ளே பாவனையாளர்களின் பாஸ்வேர்ட், ஐபி முகவரி என்று 894 ஜிகாபைட் இருந்தது. வைக்காத பதிவு எப்படிக் கசிந்தது என்று கேட்காதீர்கள். பியூர்வீபீஎன் கதையும் தெரிந்திருக்க வேண்டியது. பதிவு வைப்பதில்லை என்று சொன்ன அந்த நிறுவனத்தின் பதிவுகளை வைத்துத்தான் 2017இல் எஃப்பிஐ ஒரு பெண்ணைத் துரத்தித் தொல்லை கொடுத்தவனைப் பிடித்தது. அவன் பிடிபட்டது நல்லதுதான். சொன்ன சொல் பொய் என்பது வேறு விஷயம்.

ஆகவே சொல்வதை விட்டுவிட்டு, யாராவது வந்து கதவைத் தட்டிய நாளில் என்ன நடந்தது என்று பாருங்கள். 2017இல் துருக்கிப் பொலிஸார், ரஷ்யத் தூதுவர் கொலை விசாரணைக்காக எக்ஸ்பிரஸ்வீபீஎன்னின் சேர்வர் ஒன்றைக் கைப்பற்றினார்கள், அதில் பயன்படும் எதுவும் கிடைக்கவில்லை. பிரைவேட் இன்டர்நெட் அக்சஸ் என்ற நிறுவனத்திடம் அமெரிக்க வழக்குகளில் பதிவு கேட்டபோது கொடுப்பதற்கு அவர்களிடம் எதுவும் இருக்கவில்லை. 2023 ஏப்ரலில் சுவீடன் பொலிஸார் தேடுதல் ஆணையோடு முல்வாட் என்ற நிறுவனத்தின் கந்தோருக்குப் போய் வெறுங்கையோடு திரும்பினார்கள். வெளியார் செய்யும் கணக்காய்வு அறிக்கையும் நல்லதுதான். ஆனால் கணக்காளரான உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை, கணக்காய்வு என்பது ஆய்வாளர் வந்துபோன நாட்களின் படம்.

அடுத்தது, முதலாளி யார்? எக்ஸ்பிரஸ்வீபீஎன்னை 2021இல் கேப் என்ற நிறுவனம் 93 கோடி 60 லட்சம் டொலருக்கு வாங்கியது. பிரைவேட் இன்டர்நெட் அக்சஸ், சைபர்கோஸ்ட் ஆகியவையும் அவர்களுடையவைதான். கேப்பின் பழைய பெயர் குரொஸ்ரைடர். அந்த நாளில் அவர்களுடைய மென்பொருளைக் கொண்டு பலர் மற்றவர் கணினிகளில் விளம்பரங்களைத் திணித்தார்கள் என்பதால் பெயர் கெட்டுப்போயிருந்தது. அதே 2021இல் வீபீஎன்களுக்குப் புள்ளி போடும் வீபீஎன்மென்டர் என்ற தளத்தையும் கேப் வாங்கியது. கடைக்காரரே தராசும் வைத்திருக்கிறார். இதனால் அந்த வீபீஎன்கள் கூடாதவை என்று ஆகாது, துருக்கியில் நடந்தது நடந்ததுதான். ஆனால் “முதல் பத்து வீபீஎன்கள்” என்ற பட்டியல்களை நான் வாசிப்பதை நிறுத்தி வருடங்கள் ஆகிவிட்டன. யூடியூப்பில் சிபாரிசு செய்கிறவரின் இணைப்பு வழியாக நீங்கள் வாங்கினால் அவருக்கும் பங்கு போகும். எனக்கு எந்த நிறுவனத்திடமிருந்தும் எதுவும் வருவதில்லை.

தவறு நடந்தால் எப்போது சொல்கிறார்கள் என்பதும் ஒரு அளவுகோல். நோர்ட்வீபீஎன்னின் பின்லாந்துச் சேர்வர் ஒன்றுக்குள் 2018 மார்ச்சில் யாரோ நுழைந்திருக்கிறார்கள். ஊருக்குத் தெரிந்தது 2019 ஒக்டோபரில். அதன் பிறகு கணக்காய்வு, வன்தட்டு இல்லாத (அணைத்தால் உள்ளே எதுவும் மிஞ்சாத) சேர்வர் என்று நிறையத் திருத்தினார்கள். இருந்தாலும் அந்த இடைவெளி என் மனதில் நிற்கிறது.

தொழில்நுட்பத்தில் அதிகம் மண்டையை உடைக்க வேண்டாம். இணைக்கும் முறைகளில் வயர்கார்ட் அல்லது ஓபன்வீபீஎன் இருந்தால் போதும். பிபிடிபி என்ற பழையதை மட்டும் கொடுத்தால் ஓடிவிடுங்கள். தொடர்புப் பட்டியலைப் பார்க்க அனுமதி கேட்கும் வீபீஎன்னும் வேண்டாம். கவனிக்க வேண்டியது கில் ஸ்விட்ச், அதாவது வீபீஎன் அறுந்தால் இணையத்தையும் சேர்த்து நிறுத்தும் வசதி. கரண்ட் போனதும் ரவுட்டர் அணைந்து போன் மொபைல் டேட்டாவுக்குத் தாவும், அந்த நொடியில்தான் ஒழுக்கு. பரீட்சை செய்வது சுலபம்: வீபீஎன்னைப் போட்டு, கூகுளில் டிஎன்எஸ் லீக் டெஸ்ட் என்று தேடி வரும் தளம் ஒன்றைத் திறந்து பாருங்கள், உங்கள் இணைய நிறுவனத்தின் பெயர் அங்கே வந்தால் ஒழுகுகிறது. பிறகு ரவுட்டரை அணைத்துவிட்டு இன்னொரு தடவை பாருங்கள். அன்ட்ரொய்ட் போனில் வீபீஎன் செட்டிங்ஸுக்குள், வீபீஎன் எப்போதும் இயங்கவும் அது இல்லாத இணைப்புகளைத் தடுக்கவும் இரண்டு தெரிவுகள் இருக்கின்றன. இரண்டையும் போடுங்கள்.

கொழும்பில் இருக்கிறவர்களுக்கு விளம்பரம் சொல்லாத சில விஷயங்களும் உண்டு. யூடியூப்புக்கு, வட்ஸ்அப்புக்கு என்று தனித்தனியாக விற்கும் டேட்டா பக்கேஜ் போட்டிருந்தால், வீபீஎன் ஓடும்போது நீங்கள் பார்ப்பது யூடியூப்தான் என்று நிறுவனத்துக்குத் தெரியாது. பொது டேட்டாவில் கழியும். மாதக் கடைசியில் டேட்டா எங்கே போனது என்று தேடும் பலருக்கு விடை இதுதான். உள்ளூர் வங்கிச் செயலி திறக்காமல் அடம்பிடிக்கலாம். அதற்கு, குறிப்பிட்ட செயலியை மட்டும் வீபீஎன்னுக்கு வெளியே விடும் ஸ்ப்லிட் டனலிங் வசதி இருக்கிறதா என்று பாருங்கள். இந்தியச் சேர்வர் என்று பட்டியலில் காண்பது பல நேரம் இந்தியாவில் இருக்காது. வாடிக்கையாளர் விபரங்களை 5 வருடம் வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஏப்ரலில் இந்தியா உத்தரவு போட்ட பிறகு, எக்ஸ்பிரஸ், நோர்ட், சர்ப்ஷார்க் போன்றவை அங்கிருந்த சேர்வர்களை எடுத்துவிட்டன. இந்திய முகவரி காட்டும் சேர்வர் சிங்கப்பூரில் இருக்கலாம். அதில் பிழையில்லை, மறைக்காமல் சொல்லியிருக்கிறார்களா என்பதுதான் கேள்வி.

யாரிடம் கேட்பது என்று எழுதியிருந்தீர்கள். என்னிடம் வரும் முறைப்பாடுகள் பெரும்பாலும் உளவு பற்றியவை இல்லை, காசு பற்றியவை. எனக்கே நடந்தது. பெயர் வேண்டாம், பெரிய நிறுவனம்தான். இரண்டு வருடத் திட்டம் முடிந்த அன்று காலை வங்கியிலிருந்து எஸ்எம்எஸ், அட்டையில் காசு போய்விட்டது. முதல் தடவை கட்டியதைப் போல் இரண்டு மடங்குக்கு மேல். கழிவு முதல் தவணைக்கு மட்டும்தானாம், சின்ன எழுத்தில் இருந்திருக்கிறது. அவர்களுடைய தளத்தின் சட்டில் (எழுதிக் கதைக்கும் பெட்டியில்) போய்க் கேட்டால் ஒரு இயந்திரம் இனிமையாக மன்னிப்புக் கேட்டு, நான் ஏற்கெனவே பார்த்த அதே பக்கத்தின் இணைப்பைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. மனிதர் ஒருவர் கிடைக்க மூன்று நாள். காசு திரும்பி வந்தது, ஆனால் டொலர் மாற்றிய வித்தியாசமும் வங்கிக் கட்டணமும் என் தலையில்.

அதனால் நீங்கள் காசு கட்டுவதற்கு முன்பே அவர்களுக்கு எழுதுங்கள். கேள்வி கொஞ்சம் கடினமாக இருக்கட்டும். “உங்கள் அன்ட்ரொய்ட் செயலியில் கில் ஸ்விட்ச்சும் ஸ்ப்லிட் டனலிங்கும் ஒன்றாக வேலை செய்யுமா? நான் இணையும் நேரத்தைக் குறித்து வைப்பீர்களா, எத்தனை நாள்? தானாகப் புதுப்பிப்பதை முதல் நாளே நிறுத்தினால் கட்டிய காலம் முழுக்கச் சேவை கிடைக்குமா? இரண்டாம் தவணை என்ன விலை?” இதை எங்கள் நேரம் இரவு 9 மணிக்கு ஒருமுறை, ஞாயிறு காலை ஒருமுறை அனுப்புங்கள். கேட்டதற்குப் பதில் வருகிறதா, இல்லை “மிகச் சிறந்த பாதுகாப்பு” என்று விளம்பர வரிதான் வருகிறதா என்று பாருங்கள். காசு கொடுப்பதற்கு முன் இப்படி என்றால், கொடுத்த பிறகு எப்படி இருக்கும் என்று தெரிந்துவிடும்.

இதில் ஒரு முரண்பாடு இருக்கிறது. உங்களைப் பற்றி எதுவும் தெரியாத நிறுவனம் உங்களுக்குக் கொஞ்சம்தான் உதவ முடியும். நான் மேலே சொன்ன முல்வாட்டை எடுங்கள். பெயர் கேட்க மாட்டார்கள், மின்னஞ்சல் கேட்க மாட்டார்கள், ஒரு கணக்கு இலக்கம் மட்டும் தருவார்கள். உறையில் காசை வைத்துத் தபாலில் அனுப்பினாலும் வாங்குவார்கள். விலை 2009இலிருந்து மாதம் 5 யூரோ, இரண்டு வருடம் எடுத்தாலும் கழிவு இல்லை, தானாகப் புதுப்பிப்பதும் இல்லை. ஆனால் நேரடிச் சட் கிடையாது, மின்னஞ்சல்தான். அந்த இலக்கத்தைத் தொலைத்தால் “நான்தான் அந்த ஆள்” என்று நிரூபிப்பது கஷ்டம். நள்ளிரவிலும் சட்டில் உடனே பதில் சொல்கிற பெரிய நிறுவனங்களுக்கு உங்கள் மின்னஞ்சல், அட்டை எல்லாம் தெரியும். இரண்டையும் ஒருசேர எதிர்பார்க்காதீர்கள். நான் முதல் வகையைத் தெரிவேன், ஏனென்றால் இலக்கத்தை ஒரு கொப்பியில் எழுதி அலுமாரிக்குள் வைக்க எனக்குத் தெரியும். அலுமாரிச் சாவியையே தொலைக்கிற ஆள் என்றால் இரண்டாவது வகைதான் நல்லது.

எதை எடுத்தாலும் இரண்டு வருடத்துக்கு வேண்டாம். புரோட்டோனின் இலவசச் சேவையைப் போட்டுப் பாருங்கள். போதாவிட்டால் ஒரு மாதத்துக்குக் காசு கட்டுங்கள். விளம்பரத்தில் ஓடும் “இன்னும் 2 மணி நேரம்தான்” என்ற கடிகாரம் நாளைக்கும் 2 மணி நேரம்தான் காட்டும். 30 நாளில் பணம் திரும்பத் தருவோம் என்றால் நாட்காட்டியில் 25ஆம் நாளைக் குறித்து வையுங்கள்.

தம்பிக்கு அந்தக் கணக்கைக் கொடுக்க வேண்டாம். ஒரே கணக்கில் நான்கைந்து போன் போட நிறுவனங்கள் விடும், தடை அங்கே இல்லை. ஐக்கிய அரபு இராச்சியத்தின் 2021ஆம் ஆண்டின் 34ஆம் இலக்கச் சட்டப்படி, குற்றம் செய்யவோ மறைக்கவோ ஐபி முகவரியை மாற்றினால் சிறையும் 5 லட்சம் முதல் 20 லட்சம் திர்ஹம் வரை தண்டமும் வரலாம். அங்கே வட்ஸ்அப் அழைப்பை அனுமதிக்கவில்லை. வீபீஎன் போட்டு அழைப்பது அந்தச் சட்டத்துக்குள் வருமா வராதா என்று வேலை விசாவில் இருக்கிற பொடியன் பரீட்சித்துப் பார்க்கக் கூடாது. அவனோடு வேலை செய்கிறவர்கள் எல்லாரும் போட்டிருக்கிறார்கள் என்று சொல்வான், சொல்லட்டும். அங்கே அனுமதி பெற்ற செயலிகள் இருக்கின்றன: பொடிம், கூகுள் மீட், சூம், டீம்ஸ். அவற்றில் ஒன்றை இந்த வாரமே உங்கள் போனிலும் வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்கள் போனிலும் போட்டு, எந்தப் பட்டனை அமத்துவது என்று பக்கத்தில் இருந்து இரண்டு தரம் காட்டிக் கொடுங்கள். முதல் அழைப்பை அவன் எடுக்கட்டும்.